மூலை ஸ்டூல்

மகள் என் தொலைபேசியில் ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பிரெஞ்சுக் குரலில் போட்டுத் தந்தாள். அம்மா பிரெஞ்சு பழகட்டுமாம். கதை முழுக்க ஒரு தெருமுனை பாருக்குள்தான் நடக்கும். குண்டு மனிதர் ஒருவர் உள்ளே வந்தாலே போதும், இருப்பவர்கள் எல்லோரும் அவர் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். அவர் போய்த் தன் மூலை ஸ்டூலில் குந்துவார். வேலை முடிந்து, வீடு இருக்கும் கார்ஜுக்குப் போகும் ரயிலில் நெரிபட்டபடி அதைப் பார்த்துச் சிரிப்பேன். கூடவே பொறாமையும் வரும். எங்கட தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு புடவைக் கடையில் எத்தனையோ வருடமாக நிற்கிறேன். என்னைக் கண்டதும் இப்படிக் கத்த யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் வேலை முடிந்ததும் துணிந்து பக்கத்து பாருக்குப் போனேன், ஒரு கோப்பி குடிக்கத்தான். கதவைத் தள்ளியதுதான் தாமதம், உள்ளிருந்து பெரிய சத்தம்.

“ரீச்சர் வாறா!”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த நொடிதான் விளங்கியது, அது வரவேற்பு இல்லை, எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள் நான். அங்கே நின்ற நாலைந்து பேரும் அந்தப் பிள்ளைகளின் அப்பாமார். பியர் கிளாஸ்களெல்லாம் மேசைக்குக் கீழே போய்விட்டன. ஒருவர் கோட்டுக்குள் ஒளித்து, நெஞ்செல்லாம் நனைந்து நின்றார். நான் எப்போது போவேன் என்று எல்லோரும் கதவையே பார்த்தார்கள். சுடச்சுடக் கோப்பியை விழுங்கிவிட்டு வெளியே வந்தேன். அன்று ரயிலில் தொடரைப் பார்க்கவே மனம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஆனால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுநாளும் போனேன். அதே சத்தம், அதே ஒளிப்பு.

“கானாவூர்க் கலியாணத்திலை ஆண்டவர் தண்ணியை என்னவாக்கினவர்?” என்று வகுப்புக் குரலில் கேட்டேன்.

முதல்நாள் கோட்டு நனைந்தவர் மெல்லக் கையை உயர்த்தினார். “திராட்சை ரசம், ரீச்சர்.”

“ஓம். பிறகேன் ஒளிக்கிறியள்? எடுங்கோ வெளியிலை!”

சிரித்த சிரிப்பில் பார் அதிர்ந்தது. ஒரு சொல்லும் விளங்காத முதலாளிகூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போதும் நான் கதவைத் தள்ளினால் “ரீச்சர் வாறா!” என்றுதான் கத்துகிறார்கள். கிளாஸ்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். மூலை ஸ்டூலில் கிடக்கும் கோட்டை மட்டும் யாராவது எனக்காக எடுத்துவிடுவார்கள்.