அக்காவோட பேசாத கிழமை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ, "மூச்சு விடுறதுக்காவது ஒரு தரம் நிறுத்தேன்"னு கும்பிடாத குறையா சொல்லுவாரு. நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின ஒத்தை அறை வீடுகள்ல, பிறந்து வளர்ந்தவ. அங்க ஒரு காம்பராவுல இருமினா, "சுக்கு அவிச்சுக் குடி"ன்னு அடுத்த காம்பராவுல இருந்து சத்தம் வரும். பேச்சில்லாத வீடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாம இருந்துச்சு. அவர் போய்ச் சேர்ந்து, மகளும் கொழும்புல வேலைன்னு கிளம்பின பிறகுதான் தெரிஞ்சுச்சு. சாயங்காலம் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வச்சா, அதுக்குப் பிறகு வீட்டுல என் செருப்புச் சத்தம் மட்டும்தான். மகள் தினமும் ஃபோன் எடுப்பா. "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, சரி வைக்கிறேன்மா." நான் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வச்சிருவா.

அந்த வீட்டுல எனக்குப் பைத்தியம் பிடிக்காம இருந்ததுக்கு ஒரே காரணம் பக்கத்து வீட்டு அக்கா. சிங்கள ஆளு. எங்க ஊர் அலுவிகாரையில ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இடுப்பளவுக்கு ஒரு மதில். காலையில நான் தேங்காய் திருவுற நேரம் பார்த்து அவங்களும் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பாங்க. அவங்க பேசுறது பாதி சிங்களம், பாதி தமிழ். நான் பேசுறதும் அப்படித்தான். என்னை "நங்கி"ம்பாங்க, தங்கச்சின்னு அர்த்தம். அவங்ககிட்ட ஒரு கோழி இருந்துச்சு, கழுத்துல மயிரே இல்லாத அவலட்சணம். அது தினமும் மதில் தாண்டி வந்து என் கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறும். நான் தினமும் அதை வச்சுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன். "அக்கா, உங்க கோழியைக் கட்டிப் போடுங்க. இல்லாட்டி இன்னைக்கு என் வீட்டுல கோழிக் குழம்புதான்!" அவங்க நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, "ஐயோ பவ், நங்கி!"ம்பாங்க. பவ்னா பாவம். கருவாட்டைக்கூட தொடாத மனுஷி அவங்க. எத்தனையோ வருஷமா இந்த ரெண்டு பேச்சும் இல்லாம எங்களுக்குப் பொழுது விடிஞ்சதே இல்ல.

ஒரு நாள் அக்கா கோழியைப் பத்திப் பேசல. மதில்ல சாஞ்சுக்கிட்டு, "மகள் கூப்பிடுறா நங்கி, மெல்பர்னுக்கு. விசா வந்திருச்சு"ன்னாங்க. எப்ப திரும்பி வருவீங்கன்னு கேட்டேன். வீட்டை வாங்க ஆள் பார்த்தாச்சுன்னாங்க. "ரொம்ப நல்லதுக்கா, இந்த வயசுல பிள்ளைகிட்ட இருக்கிறதுதான் சரி"ன்னு வாய் பாட்டுக்குச் சொல்லுச்சு. உள்ள போய் அடுப்பைப் பத்த வச்சு, அது எரியிறதைப் பார்த்துக்கிட்டே நின்னு அழுதேன். போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? ஆனா அவங்க போயிட்டா, நான் யார்கிட்ட பேசுறது?

அதுக்குப் பிறகு அந்த வீட்டுல ஒரே சொந்தக்காரங்க. சாமான் கட்டுறாங்க, கதிரை தூக்குறாங்க, தேத்தண்ணி குடிக்கிறாங்க. மதில் பக்கம் வர அக்காவுக்கு நேரமே இல்ல. அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில அவசரமா வந்து, "நங்கி, போறதுக்கு முன்னாடி ஒரு கிழமை, ஏழு நாளும், நம்ம ரெண்டு பேரும் மட்டும் பாவனாவுக்குப் போவமா?"ன்னு கேட்டாங்க. பாவனான்னா தியானம். யட்டவத்தைக்கு மேல மலையில ஒரு இடம் இருக்காம். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

இங்கதான் நான் ஏமாந்தேன். போயாவுக்குப் போயா, அதாவது பௌர்ணமிக்குப் பௌர்ணமி, அக்காவோட விகாரைக்குப் போய் வந்த பழக்கம் எனக்கு. அன்னைக்கு வெள்ளை உடுத்தி 'சில்'லுன்னு விரதம் எடுத்துக்கிட்டு பொம்பளைங்க எல்லாம் நாள் முழுக்க விகாரையிலேயே இருப்பாங்க. ஒரு பிரசங்கத்துக்கும் அடுத்த பிரசங்கத்துக்கும் நடுவுல அரசமரத்தடியில பாய் விரிச்சு உட்கார்ந்து மருமக கதையில இருந்து மரக்கறி விலை வரைக்கும் பேசித் தீர்ப்பாங்க. நான் நெத்திப் பொட்டோட அவங்க நடுவுல உட்கார்ந்து ஒரு பங்கு பேசிட்டு வருவேன். பாவனாவும் அதே மாதிரிதான், ஒரு நாளுக்குப் பதிலா ஒரு கிழமைன்னு நினைச்சேன். ஒரு கிழமை அக்கா எனக்கே எனக்கு! அவங்களுக்குப் பிடிக்கும்னு முறுக்கு சுட்டு டின்ல அடைச்சுக்கிட்டேன். என்னென்ன பேசணும்னு பஸ்லயே மனசுக்குள்ள அடுக்கி வச்சுக்கிட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு வந்தாங்க. பிறகு பேசிக்கலாம், நிறைய நேரம் இருக்கேன்னு நானும் விட்டுட்டேன்.

யட்டவத்தையில இறங்கி த்ரீவீலர் பிடிச்சு மேல ஏறினோம். மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவுல சின்னச் சின்னதா அறைங்க. வாசல்ல ஒரு அம்மா எங்க ஃபோனை வாங்கி துணிப் பையில போட்டுக் கட்டினாங்க. பிறகு மெதுவா சொன்னாங்க. இனிமே பேசக்கூடாது. எழுதிக் காட்டக்கூடாது. சைகை கூடாது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவும் கூடாது. "எவ்வளவு நேரத்துக்கு?"ன்னு கேட்டேன். கிளம்புற நாள் வரைக்கும்னாங்க. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவங்க அப்பவே தலையைக் குனிஞ்சாச்சு. எனக்கு வந்த கோபம் இருக்கே! கடைசி ஒரு கிழமை, அதையும் கொண்டுவந்து இந்தக் காட்டுல வாயைக் கட்டிப் போட்டுட்டாங்களேன்னு பத்திக்கிட்டு வந்துச்சு. அக்காவுக்கு ஒரு மூலையில அறை, எனக்கு இன்னொரு மூலையில.

விடியறதுக்கு முன்னமே மணி அடிப்பாங்க. மண்டபத்துல கண்ணை மூடி உட்காரணும். மூச்சு உள்ள போறதைப் பாருங்க, வெளிய வர்றதைப் பாருங்கன்னு சில் மாத்தா சொல்லுவாங்க. மொட்டை அடிச்ச, காவி உடுத்தின துறவி அம்மா அவங்க. நான் மூச்சைப் பார்க்கலாம்னு உட்கார்ந்தா, முழங்கால்தான் என்னைப் பார்த்துச்சு. பிறகு நடை. மரத்தடியில கோடு மாதிரி கூட்டி வச்ச பாதையில ஆமை நடக்கிற மாதிரி போய்த் திரும்பி வரணும். பகல் சாப்பாட்டோட சரி, அதுக்கப்புறம் இஞ்சித் தண்ணியும் கருப்பட்டித் துண்டும்தான். என் டின்ல முறுக்கு இருக்குன்னு நினைப்பு வந்துச்சு. பின்னேரம் அறையைச் சாத்திக்கிட்டு ஒண்ணை எடுத்தேன். கடிச்சா அந்த மலைக்கே கேட்கும். வாயில போட்டு ஊற வச்சு ஊற வச்சு விழுங்கினேன். எனக்கே என்னை நினைச்சு வெட்கமா இருந்துச்சு.

அங்க ஒரே ஒரு இடத்துல பேசலாம். தியானத்துல சந்தேகம் இருந்தா சில் மாத்தாவைப் போய்க் கேட்கலாம். நான் விடுவேனா? தினமும் வரிசையில முதல் ஆள் நான்தான். முழங்கால்ல ஆரம்பிச்சு, வீட்டுக்காரர் நோயில கிடந்தது, மகளோட கல்யாணப் பேச்சு, கொத்தமல்லிப் பாத்தின்னு போய்க்கிட்டே இருப்பேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு, "சரி, மூச்சைப் பாருங்க"ம்பாங்க. அக்காவைப் பத்தி மட்டும் நான் வாயே திறக்கல. திறந்தா அங்கேயே அழுதிருவேன்னு பயம்.

ராவுல அந்த அமைதி இருக்கே, அது ஆளை விழுங்கிரும். எங்க வீடு ரோட்டோரம். தம்புள்ளைக்குப் போற மரக்கறி லொறி விடிய விடிய ஹோர்ன் அடிச்சுக்கிட்டே போகும், நானும் அதைத் திட்டிக்கிட்டே தூங்குவேன். இங்க அந்த லொறிச் சத்தத்துக்கு ஏங்கிப் போனேன். அக்கா போன பிறகு என் வீடு இப்படித்தான் இருக்கப் போகுதுன்னு நினைச்சப்போ எழும்பி உட்கார்ந்துட்டேன்.

ஒரு நாள் பகல் சாப்பாடு முடிஞ்சு தட்டு கழுவுற பைப்படியில அக்கா தனியா நின்னாங்க. நான் பக்கத்துல போய், "அக்கா, முறுக்கு கொண்டு வந்திருக்கேன்"னு கிசுகிசுத்தேன். அதைத்தானா சொல்லணும்? ஆனா வேற எதுவும் வாயில வரல. அவங்க திரும்பிக்கூட பார்க்கல. தட்டைக் கழுவி, துடைச்சு, என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. என்னை யாரும் அப்படி அவமானப்படுத்தினது இல்ல. போறவங்களுக்கு இருக்கிறவங்க எதுக்குன்னு மனசு கசந்து போச்சு. அறைக்குப் போய் துணியைச் சுருட்டிப் பையில திணிச்சேன். ஃபோனை வாங்கிக்கிட்டு கீழ இறங்கிரணும், அக்கா பிளேன் ஏறுற அன்னைக்குக் கூட மதில் பக்கம் வரக்கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

வாசலுக்குப் போற வழி அக்காவோட அறைக்குப் பின்னாலதான். ஒரு பலாமரத்துக்கு அந்தப் பக்கம் அவங்க நடைப் பாதை. பையோட நான் வந்தப்போ அவங்க குரல் கேட்டுச்சு. யாரோட பேசுறாங்கன்னு ஆத்திரத்தோட எட்டிப் பார்த்தேன். யாருமில்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவா நடந்து போறாங்க, உதடு மட்டும் அசையுது. பாதை முடிவுல திரும்பி என் பக்கமா வந்தப்போ நல்லாக் கேட்டுச்சு.

"அக்கா, உங்க கோழியைக் கட்டிப் போடுங்க. இல்லாட்டி இன்னைக்கு கோழிக் குழம்புதான்."

தமிழ்ல சொன்னாங்க, என் ராகத்துலயே. குழம்புங்கிற இடத்துல நான் ஒரு இழுப்பு இழுப்பேன், அந்த இழுப்போட. பிறகு ரெண்டு அடி வச்சு, நெஞ்சுல கையை வச்சு, அவங்க குரல்ல, "ஐயோ பவ், நங்கி." பிறகு மறுபடி என் குரல். தேங்காய் முத்தலா இளசான்னு என்னை மாதிரியே கேட்டாங்க. மறுபடி அவங்க. ஒரு காலைப்பொழுதுப் பேச்சு முழுக்க, என் பங்கையும் அவங்க பங்கையும் அவங்களே பேசிக்கிட்டு அந்தப் பாதையில நடந்தாங்க. கண்ணுல தண்ணி ஒழுகுது, துடைக்கக்கூட இல்ல.

நான் பலாமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். போய்க் கட்டிக்கணும்னு தோணுச்சு. ஆனா நான் முன்னால போய் நின்னா, அந்தப் பேச்சு பாதியில நின்னுரும். சத்தம் போடாம வந்த வழியே திரும்பினேன், காலடியில ஒரு சருகு மட்டும் நொறுங்குச்சு. துணியை எடுத்து மறுபடி கொடியில போட்டேன். அன்னைக்குத் தொட்டு நானும் தலை குனிஞ்சு அக்காவைப் பார்க்காமலேதான் இருந்தேன். அவங்க இருக்கிற பக்கம் மட்டும் எப்பவும் தெரியும்.

கடைசி நாள் மணி அடிச்சு, இனிப் பேசலாம்னாங்க. கூடியிருந்தவங்க எல்லாரும் கலகலன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சு வரல. பஸ் ஏறி உட்கார்ந்து நான் முறுக்கு டின்னைத் திறந்து நீட்டினேன். அக்கா ஒண்ணை எடுத்து நறுக்குன்னு கடிச்சாங்க. அந்தச் சத்தத்துக்கு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்பதான் சொன்னாங்க. "அங்க பேரப்பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் நங்கி. மகளும் மருமகனும் விடிஞ்சா வேலைக்குப் போயிருவாங்க. வாயை மூடிக்கிட்டு இருக்கப் பழகணும்ல? தனியாப் போய்ப் பழகப் பயமா இருந்துச்சு. அதான் உன்னையும் இழுத்துக்கிட்டு வந்தேன். கோவிச்சுக்காதே."

தனியா ஆகப் போறவ நான்தான்னு அவ்வளவு நாளும் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்காவது லொறிச் சத்தம் இருக்கு, கடைக்குப் போனா நாலு பேர் இருக்காங்க. அவங்க கையைப் பிடிச்சு என் மடியில வச்சுக்கிட்டேன். பலாமரத்தடியில கேட்டதை மட்டும் நான் சொல்லவே இல்ல.

அக்கா போயிட்டாங்க. போற அன்னைக்குக் கோழியை ஒரு கூடையில போட்டு மதிலுக்கு மேலால என்கிட்டக் கொடுத்துட்டுப் போனாங்க. இப்ப அது என் கோழி. என் கொத்தமல்லியைக் கிளறுது, நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். என் கோழியைப் பத்தி நான் யார்கிட்டப் போய் முறைப்பாடு சொல்றது? வீட்டை வாங்கினவங்க இன்னும் குடி வரல. மதிலுக்கு அந்தப் பக்கம் புல்லு வளர்ந்து கிடக்கு.

முதல் ரெண்டு மூணு தரம் ஃபோன்ல பேசினப்போ எங்களுக்குச் சரியா வரல. அவங்க குளிருன்னாங்க, நான் மழைன்னேன். பிறகு ரெண்டு பேரும் சும்மா முகத்தைப் பார்த்துக்கிட்டிருப்போம். ஒரு நாள் காலையில நான் தேங்காய் திருவிக்கிட்டிருக்கிறப்போ அக்காவே ஃபோன் எடுத்தாங்க. அவங்க பின்னால பெரிய வெள்ளைச் சமையலறை, ஒரு ஈ காக்கா இல்ல. "பேச்சு மறந்துரும் போல இருக்கு நங்கி"ன்னாங்க. சொல்லிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க.

ஃபோனை மதில்ல சாத்தி வச்சேன், அவங்க எப்பவும் நிக்கிற இடத்துல. தேங்காயைக் கையில எடுத்துக்கிட்டு சொன்னேன். "அக்கா, உங்க கோழியைக் கட்டிப் போடுங்க. இல்லாட்டி இன்னைக்கு என் வீட்டுல கோழிக் குழம்புதான்!"

படம் நின்னு போச்சோன்னு நினைச்சேன். அவ்வளவு நேரம் அசையாம என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பிறகு கை மெதுவா நெஞ்சுக்குப் போச்சு.

"ஐயோ பவ், நங்கி"ன்னாங்க. "அன்னைக்கு அந்தப் பலாமரத்தடியில நின்னது நீதானா?"