ஓர் ஆளை அனுப்பு முருகா என்றேன், என் தம்பியை அனுப்பினார்

முருகனை நம்பி வாழும் என் உறவுகளே, என் மகள் கவிதா டாக்காவிலிருந்து பேசியபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அவள் அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் தொடங்கிய போராட்டம் ஆட்சியையே புரட்டிப்போடும் புரட்சியாக வெடித்திருந்த நேரம் அது. தெருவெல்லாம் தீ, துப்பாக்கிச் சத்தம். இன்டர்நெட் இல்லை. போனும் எப்போதாவதுதான் கிடைக்கும்.

“அம்மா, நம்ம மலேசியா கவர்மென்டு பிளேன் அனுப்பியிருக்கு. ஆனா எங்கள ஏத்த வந்த வேனை வழியில மறிச்சிட்டாங்க. திரும்பிப் போயிருச்சு. நானும் என் ரூம் பிள்ளையும் மட்டும் ஹாஸ்டல்ல மாட்டிக்கிட்டோம்மா. பிளேன் சாயங்காலம் கிளம்பிரும்...”

அத்தோடு போன் அறுந்துவிட்டது.

மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. என் கணவர் குமார் டிவி முன்னால் உட்கார்ந்தார். எரிகிற பஸ்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே டாக்காவில் எங்களுக்குச் சொந்தம் ஒருவன் இருந்தான். என் தம்பி சேகர். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நாங்கள் மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர்கள். முதலாளிகள் தோட்டத்தை விற்றதும் டவுன் பக்கம் புந்தோங்குக்கு வந்தோம். வந்த இடத்தில் சேகர் ரவுடி கேங்கில் சேர்ந்தான். அவனைத் தேடி வந்தவர்கள் அவன் கிடைக்காத ஆத்திரத்தில் என் கணவரை அடித்துப் போட்டார்கள். அவருடைய வலது கை அதற்குப் பிறகு முழுதாக நிமிரவே இல்லை. லாரி ஓட்டும் வேலையும் போனது. சேகர் ஒரு வெட்டு வழக்கில் ஜெயிலுக்குப் போனான். “அவன் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது” என்று என் கணவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஜெயிலில் சேகர் தையல் மிஷின் ரிப்பேர் கற்றுக்கொண்டான். வெளியே வந்தபின் இங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை. டாக்காவில் ஒரு துணி பேக்டரிக்கு மெக்கானிக்காகப் போனான். கவிதா அங்கே படிக்கப் போனது அவனுக்குத் தெரியும். “புள்ளைய தூரத்துல இருந்து பாத்துக்கிறேன்கா. மச்சான் சொன்னத மீற மாட்டேன்” என்று ஒருமுறை சொன்னான். அவ்வளவுதான் எங்கள் தொடர்பு.

அன்றைக்கு அவனையும் போனில் தேடினேன். கிடைக்கவில்லை. கோயிலுக்கு ஓடினேன். சமைத்த கையைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை. முருகன் சந்நிதியில் விழுந்து அழுதேன். மந்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. “ஓர் ஆளை அனுப்பு முருகா. என் பிள்ளை பக்கத்துல போய் நிக்க ஓர் ஆளை அனுப்பு.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நான் அங்கே அழுதுகொண்டிருந்த அதே காலையில் டாக்காவில் நடந்ததை கவிதா பிறகுதான் சொன்னாள்.

சேகரின் கம்பெனி மலேசியர்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வண்டி வைத்திருந்தது. அவனும் ஏறிவிட்டான். மாணவிகள் ஹாஸ்டலுக்குப் போன வேன் திரும்பிவிட்டதாக டிரைவர் யாரிடமோ பேசியது அவன் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கெஞ்சினான். டிரைவர் மறுத்தார். சேகர் இறங்கிவிட்டான். வண்டி அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஹாஸ்டல் கேட்டில் தழும்பு விழுந்த முகத்தோடு ஒருவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்து கவிதா பயந்துபோனாள். அவள் அவனைக் கடைசியாகப் பார்த்தது குழந்தையாக இருந்தபோது.

“நான் சேகர் மாமா. உங்கம்மா சரோஜா என் அக்கா.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்கம்மா ரசத்துல இன்னும் புளிய அள்ளித்தான போடுறா?”

அந்த நேரத்திலும் கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டைத் திறந்தாள்.

அவன் தெரிந்த ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைக் கெஞ்சி அழைத்து வந்திருந்தான். பிள்ளைகள் இரண்டு பேரையும் அதில் உட்காரவைத்து, தான் முன்னால் நடந்தான். சந்து சந்தாகப் போனார்கள். மறிக்கிற இடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, “டாக்டர் பிள்ளைங்க” என்று அந்த ஊர்ப் பாஷையில் சொல்லி வழி கேட்டான். பெரிய ரோட்டைக் கடக்கும்போது சுட ஆரம்பித்தார்கள். யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. ரிக்‌ஷாவை மறைத்து நின்ற சேகரின் தொடையில் குண்டு பாய்ந்தது.

கவிதா குதித்து இறங்கித் தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். “நான் வரல மாமா, உங்கள விட்டுட்டுப் போகமாட்டேன்” என்று அழுதாள்.

“ஏறுலா! உங்கப்பனுக்கு நான் குடுக்க வேண்டியது நீதான். போ!”

ரிக்‌ஷாக்காரர் மிதித்தார். பிள்ளைகள் விமானத்தைப் பிடித்துவிட்டார்கள்.

கவிதா எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஆனால் சேகர் என்ன ஆனான் என்று தெரியவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு என் கணவர் எழுந்து போய்க் குளித்தார். விளக்கேற்றினார். அவர் ஒருவருக்காக வாய்விட்டு வேண்டியதை அன்றுதான் கேட்டேன். “முருகா, என் மச்சானைக் குடு.” அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் அதே வேண்டுதல். நான் நம்பிக்கை இழந்த நாள்களிலும் அவர் விடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது.

“அக்கா, புள்ள வந்து சேந்துட்டாளா?”

முதல் கேள்வியே அதுதான்! ரோட்டில் கிடந்தவனை அந்த ஊர் மாணவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ரத்தமும் கொடுத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காக இன்றும் அர்ச்சனை செய்கிறேன். நான் ஓர் ஆளைத்தான் கேட்டேன். முருகன் ஒரு கூட்டத்தையே அனுப்பியிருக்கிறார்.

போனை என் கணவர் வாங்கினார். “மச்சான், எப்ப வாரே?” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் மட்டும்தான் வந்தது.

அவன் ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் வந்து இறங்கிய அன்று, தள்ளிக்கொண்டு வந்த பணியாளரை விலக்கிவிட்டு என் கணவர் தானே பிடித்துக்கொண்டார். சேகர் தலையைக் குனிந்தபடி, “மச்சான், நான் வேற எங்கயாச்சும் தங்கிக்கிறேன்” என்றான்.

“பேசாம வா. வீட்டுக்குப் போலாம்” என்றார்.

இன்று சேகர் புந்தோங்கில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறான். பழைய கூட்டாளிகள் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, கோயிலுக்குக் கூப்பிடுகிறான். ஒருவர் இருவர் வரவும் செய்கிறார்கள். கலவரம் அடங்கியபின் கவிதா திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தாள். போன தைப்பூசத்தில் என் கணவரும் தம்பியும் சேர்ந்து பால்குடம் எடுத்தார்கள். பக்கத்தில் வந்த நான் வேல் வேல் என்று கத்தியதில் என் தொண்டையே கட்டிப்போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

உறவுகளே, வழியே இல்லை என்று நிற்கிறீர்களா? முருகனிடம் கேளுங்கள், கட்டாயம் அனுப்புவார். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். யார் வந்து நின்றாலும் கதவைத் திறங்கள்.