தேதியக்காவும் முப்பத்தேழாம் பக்கமும்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, நகல் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டு நிற்கிறது அந்தத் தட்டச்சுக் கடை. முன்பக்கம் இரண்டு கணினிகள், பின்பக்கம் பசை வாடை. பின்பக்கத்தில் கணவர் ஆய்வேடுகளுக்கு அட்டை கட்டுவார். முன்பக்கத்தில் மனைவி அவற்றை அடித்து, அடுக்கி, மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பாள். அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வளாகத்தில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. வயதில் பத்து வருஷம் மூத்தவர்களுக்கும் அவள் தேதியக்காதான்.

இணையத்திலிருந்து எடுத்த ஆவணத்தோடு யார் படியேறினாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "என்னைக்கு டவுன்லோடு பண்ணீங்க?" என்பதுதான். வாங்க, உக்காருங்க எல்லாம் அதற்கப்புறம்.

இந்தக் கறார் சும்மா வந்ததல்ல. கடை போட்ட புதிதில், கொடுத்ததைக் கொடுத்தபடி அடிப்பதே தொழில் என்று அவளும் நினைத்திருந்தாள். ஓர் ஆய்வாளர், பதிவிறக்கிய பதினோரு ஆவணங்களுக்கும் ஆதாரம் என்ற இடத்தில் தன் வீட்டுக் கணினியின் கோப்புறையை எழுதிக் கொண்டுவந்தார். 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'அறிக்கை மூன்று' என்று ஒரு கோப்பு. அக்கா புள்ளி பிசகாமல் அடித்துக் கொடுத்தாள். "இதைப் படிக்கணும்னா நான் உங்க வீட்டுக்குத்தான் வரணுமா?" என்று வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. அந்த மனிதர் அதன் பிறகு ஆய்வு இருந்த திசைக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டார். அடித்த கை தன்னுடையதாயிற்றே என்று அக்காவுக்கு மனசு ஆறவேயில்லை. ஒரு மாதம் நூலகத்துக்கு நடையாய் நடந்து, மேற்கோள் விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து கடையில் அவள் வைத்ததே சட்டம். ஆவணத்தை வெளியிட்டது யார், எந்த ஆண்டு, அட்டையில் உள்ள தலைப்பு என்ன, எத்தனையாவது பதிப்பு, தாளில் அச்சான பக்க எண், இணைய முகவரி, இறக்கிய தேதி. இதில் ஒன்று குறைந்தாலும் அடிக்கமாட்டாள். இறக்கிய கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சத்தியம் வேறு வாங்கிக்கொள்வாள்.

இந்தச் சட்டத்தில் வந்து மாட்டியவர்தான் சிஸ்டர். ஐம்பத்துநான்கு வயது, முப்பது வருஷம் மருத்துவமனை வார்டில் செவிலியர். ஓய்வுபெறுவதற்குள் முனைவராகிவிட வேண்டும் என்று, படுக்கைப்புண் பற்றி எட்டு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். பாதி ஆய்வேடு பேருந்தில் உட்கார்ந்து எழுதியது.

"வார்டுல தேதி போட்டுப் போட்டே கை தேஞ்சு போச்சு. இங்கயும் தேதியாக்கா?" என்று அலுத்துக்கொண்டார்.

"தேதி பாக்காம ஊசி போடுவீங்களா சிஸ்டர்?"

சிஸ்டர் பையைத் திறந்து தேதியைத் தேடி எடுத்தார்.

ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போனது. நான்கு மாதம் கழித்து வெளித்தேர்வாளரின் கடிதம் வந்தது. நூறு நோயாளிகளில் பதினெட்டுப் பேருக்குப் படுக்கைப்புண் என்று சுகாதாரத் துறை அறிக்கையிலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள், அந்த அறிக்கையின் முப்பத்தேழாம் பக்கத்தில் அப்படி ஓர் அட்டவணையே இல்லை, இது இட்டுக்கட்டியதா என்று வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும் என்றிருந்தது. சிஸ்டரின் ஆய்வு முழுக்க அந்தப் பதினெட்டின் மேல்தான் நின்றது.

மறுநாளே சிஸ்டரின் நெறியாளர் கடைக்கு வந்தார். சண்டைக்கு அல்ல, சமாதானத்துக்கு. அதுதான் இன்னும் மோசம்.

"டைப்பிங்ல நடந்த தப்புன்னு ஒரு கடுதாசி குடுத்துடும்மா. அந்தப் பகுதியை எடுத்துட்டு எப்படியாவது பட்டத்தை வாங்கிக் குடுத்துடறேன். என்ன, துறை அங்கீகரிச்ச கடைப் பட்டியல்லேருந்து உங்க பேரை எடுக்க வேண்டியிருக்கும்."

பட்டியலில் பேர் போனால் கடைக்கு ஈ காக்கை வராது. ஆனாலும் பின்பக்கத்திலிருந்து அவள் கணவர் பைண்டர் மெல்லச் சொன்னார், "எழுதிக் குடுத்துடும்மா. எட்டு வருஷ உழைப்பு. நாம வேற எங்கயாவது பொழைச்சுக்கலாம்."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "ஏங்க, தப்பு பண்ணியிருந்தா நானே ஓடிப்போய் எழுதிக் குடுத்திருப்பேன். அந்தப் பக்கத்தை நான் என் ரெண்டு கண்ணால பாத்து அடிச்சேன்."

சொல்லிவிட்டாளே ஒழிய உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது. தன் ரோஷத்துக்கு சிஸ்டரின் பட்டம் பலியாகிவிடுமோ? சிஸ்டருக்கே போனைப் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடுதாசி வேணாங்க்கா. வார்டுல எத்தனை முதுகைத் திருப்பிப் பாத்திருக்கேன். பதினெட்டு பொய்யில்லை," என்றார் சிஸ்டர்.

தேர்வு நாளன்று அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். தேர்வாளர் தன் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்து அறிக்கையைத் திறந்தார். முப்பத்தேழாம் பக்கம். அட்டவணை இல்லை.

"நீங்க பாக்கறது மூணாவது பதிப்பு சார். நான் காட்டினது ரெண்டாவது. பதிப்பு, தேதி ரெண்டும் மேற்கோள் பட்டியல்லயே இருக்கு," என்று சிஸ்டர் தன் கோப்பைத் திரைக்குக் கொண்டுவந்து, பக்க எண் பெட்டியில் முப்பத்தேழு என்று அடித்தார்.

வந்தது மருத்துவமனைகளின் வரைபடம். அட்டவணை இல்லை.

அரங்கம் முணுமுணுத்தது. சிஸ்டர் மறுபடி முப்பத்தேழு என்று அடித்துப் பார்த்தார், அதே வரைபடம்தான். நெறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்ற விதியெல்லாம் அக்காவுக்கு மறந்தே போனது.

"சிஸ்டர்! அது திரை சொல்ற பக்கம்! தாள்ல அச்சான பக்கத்தைப் பாருங்க! முன்னுரையெல்லாம் பன்னெண்டு பக்கம் தனி!"

அத்தனை தலையும் திரும்பியது. சிஸ்டர் நாற்பத்தொன்பது என்று அடித்தார். தாளின் அடியில் முப்பத்தேழு என்று அச்சாகியிருந்தது. அதற்கு மேலே அட்டவணை, அதில் பதினெட்டு.

தேர்வாளர் லேசில் விடுகிற ஆளில்லை. "இது நீங்க திருத்தாத கோப்புன்னு நான் எப்படி நம்பறது?" என்றவர் சட்டென்று நிறுத்தி, "இருங்க, இந்த அறிக்கையை நானும் ஒரு கட்டுரைக்கு எடுத்திருக்கேன்," என்று தன் மடிக்கணினியைத் தேடத் தொடங்கினார். பெரிய திரையின் இணைப்பைப் பேச்சோடு பேச்சாகத் தானே மறுபடி அதில் செருகியதை அவர் மறந்திருந்தார். ஊருக்கே தெரிந்தது அவருடைய 'டவுன்லோட்ஸ்' கோப்புறை. அறிக்கை, அறிக்கை ஒன்று, அறிக்கை புதுசு, அறிக்கை கடைசி, அறிக்கை நிஜமாகவே கடைசி. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

'அறிக்கை புதுசு' திறந்தது. அட்டையில் இரண்டாம் பதிப்பு. அவர் பக்கங்களைத் தள்ளினார். இந்த முறை தாளின் அடியைப் பார்த்துத் தள்ளினார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தன் வாயாலேயே படித்தார்: "நூறு நோயாளிகளில் பதினெட்டு."

எழுந்து நின்று, "என்னை மன்னிக்கணும், டாக்டர்," என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிஸ்டர் மேடையை விட்டு இறங்கி நேரே கடைசி வரிசைக்கு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருமே அழுதார்கள், சந்தோஷத்தில் அழுவதற்கு என்ன வெட்கம்? கடைப் பட்டியலைப் பற்றி நெறியாளர் அதற்கப்புறம் மூச்சே விடவில்லை.

சாயங்காலம் பைண்டர் சிஸ்டரின் ஆய்வேட்டுக்குத் தங்க எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் நிழலாடியது. தேர்வாளர், கையில் மடிக்கணினியோடு.

"என் புத்தகம் ஒண்ணு அடுத்த மாசம் அச்சுக்குப் போகுது," என்று தயங்கினார். "தொண்ணூறு ஆவணம் காட்டியிருக்கேன். எல்லாம் நெட்ல எடுத்தது. கொஞ்சம் பாத்துத் தர முடியுமா?"

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினியின் பக்கம் திரும்பினாள்.

"என்னைக்கு டவுன்லோடு பண்ணீங்க?"