அக்கா ஒப்பேற்றிய சுவர்

என் அக்காவுக்கு ஊரில் பெயர் போர்டு அக்கா. பேக்கரி, சைக்கிள் கடை, தையல் கடை, எந்தப் பலகையில் எழுத்து நேராக நின்றாலும் அது அவள் எழுதியது. கோணலாக இருந்தால் அதுவும் அவள் எழுதியதுதான், கடைக்காரர் பேரம் பேசியிருப்பார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் ஏணியின் மேலிருந்தே பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக, கோடை முடிகிற வாரத்தில் மலைக்குப் போய்ப் பனியாற்றை வரைவாள். மருந்துக்கடைக் காலண்டருக்காக ஆரம்பித்த வேலை. ஒரே தட்டைக்கல், ஒரே பிரஷ். கையை நீட்டி ஒரு கண்ணை மூடி, பிரஷ் காம்பின் முனையைப் பனியின் உச்சியில் வைத்து, அதன் அடி வரைக்கும் கட்டைவிரலை இறக்கி உயரம் அளப்பாள். முதல் வருஷம் இடது ஓரத்தை அளந்தபோது விரல் நின்ற இடத்தில் காம்பில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள். அளவு தப்பினால் அவளுக்குச் சோறு இறங்காது.

பனி என்ன வேகத்தில் உருகுகிறது என்று கணக்குப் போடும் ஆபீஸிலிருந்து போன வருஷம் ஒரு மேடம் வந்தார். ஊர் அவருக்கு அளவு மேடம் என்று பெயர் வைத்தது. பனியாற்றின் இடது ஓரத்தில் ஒரு பனிச்சுவர் இருக்கிறது. உருகிய தண்ணீர் அதற்குப் பின்னால் ஏரியாகத் தேங்கி நிற்கிறது. சுவர் இற்றுப்போனால் ஏரி முதலில் வந்து சேர்கிற இடம் கீழ்த்தெரு. கீழ்த்தெருவில் மூன்றாவது வீடு என்னுடையது.

அந்த ஓரம் முழுக்க வெடிப்பு, கால் வைக்க முடியாது. வானத்திலிருந்து எடுக்கிற படங்களில் அது எப்போதும் மலை நிழலில் கிடக்கும். அக்காவின் கல்லிலிருந்து மட்டும்தான் முழுசாகத் தெரியும். பரணிலிருந்து படங்களை இறக்கிக் காட்டியதும் மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத வெச்சு நான் மீட்டர் கணக்கே போட்டுடுவேன்க்கா" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்கு வந்து மூன்று தரம் அதையே சொன்னாள்.

அப்புறம்தான் அவள் ஒரு மாதிரி ஆனாள். மேடம் ஒவ்வொரு படமாகப் பக்கத்தில் வைத்து ஒப்பீடு ஒப்பீடு என்று வேலை செய்யச் செய்ய, இவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பல் டாக்டர் போர்டில் 'மருத்துவமணை' என்று மூன்றுசுழி போட்டுவிட்டு, தெருவே சிரித்த பிறகும் திருத்தாமல் ஏணியில் நின்றாள். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் கேட்கவில்லை. வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. பனிச்சுவர் திடமாக இருக்கும் போலிருக்கிறது என்று மேடம் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை நம்பி ஆரம்பித்த வேலை.

பள்ளிக்கூட ஹாலில் ஊரைக் கூட்டித் திரையில் படங்களைப் போட்டார்கள். பதினேழு வருஷம் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு ஐந்து வருஷம் அசையாமல் நின்றது.

"ஒப்பீடு தெளிவா சொல்லுது" என்றார் மேடம். "இடதுசுவர் நின்னு பிடிக்குது. அடுத்த கோடை வரைக்கும் கீழ்த்தெருவக் காலி பண்ண வேண்டாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் தட்டியது தனியாகக் கேட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே எழுந்து நின்றாள்.

"மேடம், அத ஒப்பீடுன்னு சொல்லாதீங்க. அது நான் ஒப்பேத்தினது."

வழக்கமான கிண்டல் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள்.

"முட்டி போச்சு மேடம். அஞ்சு வருஷமா நான் கல்லு வரைக்கும் ஏறல. பாதையோட கீழ் வளைவுலயே உக்காந்துடுவேன். அங்கேருந்து வலது பக்கம்தான் தெரியும். இடது பக்கத்த வீட்டுக்கு வந்து பழைய படத்தப் பாத்துப் போட்டுடுவேன். காலண்டர்தானே, யாரு பாக்கப் போறான்னு..."

"எம் புள்ளைங்க அங்கதானே தூங்குது!" என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

நானும் கத்தினேன். "எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சுடி" என்றாள். "மொத்தப் படமும் பொய்னு தூக்கிப் போட்டுடுவாங்களோன்னு."

அவள் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மேடம் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் திட்டவில்லை. "நாளைக்கு ஏற முடியுமாக்கா? படங்களே போதும்னு நானும் அங்க ஏறாம விட்டுட்டேன். நான் கருவிய வெச்சுப் பாக்குறேன். ஆனா பழைய படங்களோட சேத்துப் பாக்கணும்னா அதே கல்லு, அதே பிரஷ், உங்க கைதான் வேணும்" என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். பெயிண்ட் பெட்டி என் தோளில். கடைசி ஏற்றத்தில் அக்கா உட்கார்ந்த வாக்கிலேயே கையை ஊன்றிப் பின்பக்கமாக ஏறினாள். நான் பார்க்காத மாதிரி முன்னால் போனேன்.

கல்லில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கையை நீட்டினாள். காம்பின் முனை சுவரின் உச்சியைத் தொட்டது. நான் அவள் கட்டைவிரலையே பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குப் பாதி தூரமாவது இறங்க வேண்டும். நேற்றுத் திரையில் பார்த்தது அந்த அளவுதான். விரல் காம்பின் முனையிலிருந்து ஒரு நகக்கண் அளவுதான் இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

மேடம் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா?" என்றார்.

"எனக்கும் அதேதான் மேடம்."

அக்கா பெட்டியைத் திறந்து, பனிக்குப் பூசுகிற வெள்ளை டியூபை எடுத்து என் கையில் திணித்தாள். "இது எனக்கு வேண்டியிருக்காது. நீ ஓடு. டைல்ஸ் கிடக்கட்டும். தெருவுல ஒருத்தர் விடாமக் கிளப்பு."

"நீ?"

"நான் இடது பக்கத்த வரைஞ்சுட்டு வரேன்" என்றாள்.