காளான் எனக்குத் தண்ணி காட்டிய கதை

ரப்பர் மரத்தின் அடியில் காளான் முளைத்தால் அந்த மரம் போச்சு என்று அர்த்தம். தோட்டத்தில் நான்கு வருடம் அதைத் தோண்டி எரித்தவன் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, மலாயாவில் ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குகையில் காளான் வளர்க்கச் சொன்னார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. கிளப்பில் வெள்ளைக்காரர்களுக்குக் காளான் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லையாம்.

வேலையோடு குகைக்குப் பக்கத்தில் தனி வீடும் கிடைத்தது. தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பத்தோடு இடிபட்டுக் கிடந்த என் மனைவி செல்லம்மா, தனி அடுப்படியைப் பார்த்ததும் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

குதிரைலத்தியையும் வைக்கோலையும் மக்கவைத்துப் பாத்தி போட்டோம். கப்பலில் வந்த விதைக்கட்டியை உடைத்துப் புதைத்தோம். மொட்டு மொட்டாகக் காளான் வந்தது. ரப்பர் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பேர் வாங்கியவன் அல்லவா, காலை, மதியம், மாலை என்று பூவாளியால் குளிப்பாட்டினேன். காற்றுப் படாமலிருக்கக் குகை வாயிலில் சாக்கும் தொங்கவிட்டேன்.

நான்காம் நாள் காளான் தலையெல்லாம் மஞ்சள் புள்ளி. மறுநாள் அது பழுப்பாகி, தொட்டால் பிசுபிசுத்தது. பூசணம் என்று நினைத்து, ரப்பர் பட்டைக்குப் பூசும் மருந்தை ஒரு பாத்தியில் அடித்தேன். பாத்தியே செத்தது. காளானே பூசண ஜாதிதான் என்று யார் கண்டது?

அடுத்த பறிப்பும் இப்படியே வந்தால் குகையை மூடிவிட்டு என்னைத் தோட்டத்துக்கே அனுப்புவதாகத் துரை சொல்லிவிட்டார்.

“விடியாத முன்ன மறுபடி பெரட்டுல போயி நிக்க என்னால ஆவாது” என்றாள் செல்லம்மா. தோட்டத்தில் ஆள் எண்ணும் அந்த வரிசைக்குத் திரும்ப எனக்கும் மனமில்லை.

துரை புள்ளிக் காளானை விவசாய இலாகாவுக்கு அனுப்பியிருந்தார். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார்கள். இது பூசணம் அல்ல, பாக்டீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி. காளான் தலையில் ஈரம் காயாமல் நின்றால் அதில் பெருகும். மருந்து வேண்டாம், காற்று விட்டால் போதும்.

நோயை வளர்த்தது என் பூவாளிதான். வெட்கமாகப் போய்விட்டது. சாக்கைக் கழற்றினேன். புள்ளி விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தூரத்தில் புதைத்தேன். ஆனாலும் கை பரபரத்தது. செல்லம்மா பூவாளியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். லேசாகத் தெளிக்க வேண்டிய நாளில் மட்டும் எடுத்துக் கொடுப்பாள்.

அடுத்த பறிப்பில் குகை முழுக்க வெள்ளை வெளேரென்று காளான். ஒரு புள்ளி இல்லை. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. துரை ஒன்றைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மருந்து போட்டாய் என்று என்னைக் கேட்டார்.

செல்லம்மா முந்திக்கொண்டாள். “ஒன்னும் போடல தொரை. இவரு கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தாரு.”

துரை விழுந்து விழுந்து சிரித்தார். வீடு எங்களுக்கே நின்றது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: சும்மா இருப்பதும் வேலைதான். எனக்கு அது விளங்க ஒரு பாத்தி சாக வேண்டியிருந்தது.