சேலையூர் வீட்டு பட்லர்

கனகவல்லி எந்த நோயாளியிடமும் முதலில் பார்ப்பது முதுகைத்தான். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவள். பதினெட்டு வருஷத்தில் அவள் கை பட்ட ஒருவருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. 1987 ஜூனில், அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து சேலையூருக்கு வேலைக்கு வந்தபோதும் பெரியவர் அசரியாவை முதலில் புரட்டித்தான் பார்த்தாள். முதுகு சுத்தம். பேச்சில்தான் கோளாறு.

அசரியா ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இங்கிலீஷ் இஸ்திரி போட்டதுபோல இருக்கும் என்று தெருவில் சொல்வார்கள். பக்கவாதம் வந்து ஒரு வாரம் பேச்சில்லை. எட்டாம் நாள் கண் திறந்து, மகன் தனசிங்கைப் பார்த்துச் சொன்னார்:

“மாஸ்டர் கமிங், ஐ நோ ஸ்டாண்டிங். வெரி பேட் பட்லர், மாஸ்டர்.”

அதற்குப் பிறகு வேறு பேச்சே வரவில்லை. மகன் மாஸ்டர், மருமகள் ஞானஜோதி மிஸ்ஸியம்மா. தமிழில் கேட்டாலும் நல்ல இங்கிலீஷில் கேட்டாலும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சாப்பாடு கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“மூளை போயிடுச்சு,” என்றான் தனசிங். “வியாழக்கிழமை டாக்டர் வர்றாரு. அவர் எழுதிக் கொடுத்தா ஹோம்ல சேர்த்துடலாம்.”

அந்த மாதிரி ஹோமில் கனகவல்லி வேலை பார்த்திருக்கிறாள். நாற்பது கட்டிலுக்கு ஒரு ஆயா. பத்தே நாளில் இந்த முதுகு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

“மூளை நல்லாத்தான் கீது சார். இது பட்லர் இங்கிலீஷ். எங்கம்மா பரங்கிமலை பங்களாவுல ஆயாவா இருந்துச்சு. தொரகிட்ட இப்படித்தான் பேசும், தொரையும் அதுகிட்ட இப்படித்தான் பேசுவாரு. இவரு அப்பாரு இன்னா வேல பாத்தாரு?”

“கன்டோன்மென்ட்ல பெரிய உத்தியோகம்னு சொல்லுவாரு,” என்றான் தனசிங். சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

“பெரிய உத்தியோகந்தான். தொர வயிறே அவரு கையில இருந்திருக்கும். இவரு சின்னப்புள்ளயில கேட்ட பேச்சு இது.”

எஜமான் சாப்பிடாமல் பட்லர் சாப்பிட மாட்டான் என்று கனகவல்லி சொன்னதால், தனசிங் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து எட்டு இட்லி தின்றான். பெரியவர் திருப்தியாகப் பார்த்துவிட்டு, “பிளேட் டேக்கிங், ஆயா,” என்றார். அவ்வளவுதான், தான் ஒரு வாய் சாப்பிடவில்லை.

கனகவல்லி யோசித்தாள். பட்லர் எஜமான் முன்னால் சாப்பிட மாட்டான். ஆனால் ருசி பார்க்காமல் சூப்பை மேசைக்கு அனுப்பவும் மாட்டான். அவளே கிண்ணத்தை நீட்டி, “சூப் டேஸ்ட்டிங்,” என்றாள்.

“ஆயா நோ ஆர்டரிங்!” என்று கத்தினார் அசரியா.

ஆக, மிஸ்ஸியம்மாதான் சொல்லவேண்டும். ஞானஜோதி கான்வென்ட்டில் இங்கிலீஷ் டீச்சர்.

“இருபது வருஷமா இந்த மாதிரி தப்பைத்தான் சிவப்பு மையில அடிச்சிட்டிருக்கேன். என் வாயால நான் பேசணுமா?”

“பேசாட்டி பட்டினிதான், டீச்சரம்மா.”

“ஃபாதர், வுட் யூ கைண்ட்லி டேஸ்ட் திஸ் சூப்?”

பெரியவர் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“கைண்ட்லி எல்லாம் எந்த தொரசாணி சொன்னா?” என்றாள் கனகவல்லி.

ஞானஜோதி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். “பட்லர்! சூப் டேஸ்ட்டிங்!”

வாய் திறந்தது. “சால்ட் லிட்டில் மோர் புட்டிங், மிஸ்ஸியம்மா.” உப்புப் போட்டதாகச் சொல்லி இன்னொரு கரண்டி. பெப்பர் போட்டதாகச் சொல்லி இன்னொன்று. ருசி பார்த்தே கிண்ணம் காலியானது.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். அவர் மகள் ஞானஜோதியிடம்தான் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், தனசிங்கைக் காட்டி இவர் யார் என்று அழகான இங்கிலீஷில் கேட்டார். பதில் இல்லை. காகிதத்தில் மூன்று பெருக்கல் குறி விழுந்தது.

“அவருக்குப் புரியற பாஷையில கேட்டுப் பாருங்க சார்,” என்றாள் கனகவல்லி.

“அது என்ன பாஷை?”

எல்லோரும் ஞானஜோதியைப் பார்த்தார்கள். அவள் டாக்டரைப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள்.

“பட்லர்! டுடே வாட் டே கமிங்?”

“தர்ஸ்டே, மிஸ்ஸியம்மா. மட்டன் நோ கமிங், ஃபிஷ் ஒன்லி கெட்டிங்.”

“திஸ் வாட் பிளேஸ்?”

“சேலையூர். டேங்க் வாட்டர் ஃபினிஷிங். நோபடி மோட்டர் போட்டிங்.”

கனகவல்லி போய்க் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“திஸ் மேன் ஹூ?”

“மாஸ்டர்.”

டாக்டரின் பேனா மறுபடி காகிதத்துக்குப் போனது. ஞானஜோதி அவசரமாக, “மாஸ்டர் வாட் நேம்?” என்றாள்.

“தனசிங். மை சன். ஹவுஸ் ஹிஸ், கீ ஹிஸ், ரைஸ் ஹிஸ். ஹௌ ஐ நோ மாஸ்டர் காலிங்?”

இதில் என்ன தப்பு என்று அறையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தனசிங் தரையைப் பார்த்தான். டாக்டர் மூன்று குறிகளையும் அடித்துவிட்டு, புத்தி தெளிவாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டில் பக்கம் குனிந்தார்.

“பட்லர்! டங் ஷோயிங்!”

நாக்கு உடனே வெளியே வந்தது.

ஹோம் பேச்சு அதோடு நின்றது. மறுநாள் காலை தனசிங் ஆபீசுக்கு டை கட்டிக்கொண்டு, காபி டம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றான்.

“பட்லர்! காபி டேஸ்ட்டிங்!”

பெரியவர் ஒரு வாய் குடித்தார். “வெரி பேட் காபி. மாஸ்டர் நோ லைக்கிங். அகெய்ன் மேக்கிங்.”

தனசிங் வேறு காபி போடத் திரும்பினான்.

“அப்புறம் போடலாம் சார்,” என்றாள் கனகவல்லி. “அந்தப் பக்கம் தோளைப் புடிங்க. புரட்டணும்.”

முதுகு சுத்தமாக இருந்தது.