வாசிக்காமல் விட்ட எட்டுப் பக்கம்

இந்த மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் மூன்று நாவல்கள் படித்து முடித்தேன். புத்தகக் கண்காட்சியிலிருந்து மகள் வாங்கிவந்தவை. ஒன்று மர்மக் கதை, ஒன்று சரித்திரக் கதை, ஒன்று இப்போது இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் மாய உலகக் கதை. மூன்றையும் பற்றி என் அபிப்பிராயத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும், தன்னுடைய வாசகர் வட்டத்தில் படிப்போம் என்றாள் மகள். எழுத உட்கார்ந்தேன். அது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை.

சரித்திர நாவல் கொற்கைத் துறைமுகத்தில் நடக்கிறது. ஆசிரியர் நிறையப் படித்திருக்கிறார். படித்ததில் எதையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. அரசிக்கு நகை பூட்டி முடிக்கப் பதினெட்டுப் பக்கம் ஆகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதாநாயகன் ஐப்பசி மாதத் தாமிரபரணியை வாயில் ஓலையைக் கவ்விக்கொண்டு நீந்திக் கடக்கிறான். கரையேறியதும் தலைகூடத் துவட்டாமல் காதல் பேசுகிறான். ஆசிரியர் ஐப்பசி வெள்ளத்தைப் பார்த்தவர் அல்ல. நான் பார்த்திருக்கிறேன்.

மாய உலகக் கதையை அலட்சியமாகத்தான் எடுத்தேன். முதல் பக்கத்தில் வரைபடம், வாயில் நுழையாத பெயர்கள், பேசும் பறவைகள். ஆனால் மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். அந்த நாட்டில் பொய் சொன்னவனின் நிழல் அவனை விட்டுப் போய்விடும். யார் பொய்யர் என்பதை வெயிலில் நிறுத்திப் பார்த்தே சொல்லிவிடலாம். வசதியான நாடு. நம் நாட்டில் நிழல் எங்கும் போவதில்லை, கூடவே வருகிறது.

மர்மக் கதை, ஆட்களைக் காலி செய்துவிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில். மாஞ்சோலை என்று ஆசிரியர் பெயர் சொல்லவில்லை. மணிமுத்தாறிலிருந்து வளைந்து ஏறும் பேருந்தை வைத்து நான் கண்டுகொண்டேன். பூட்டிய அறைக்குள் ஒரு மேலாளர் செத்துக் கிடக்கிறார். உள்ளே யார் போயிருக்க முடியும் என்று ஓர் இன்ஸ்பெக்டர் இருநூற்றெண்பது பக்கம் மண்டையை உடைத்துக்கொள்கிறார். அந்தப் பூட்டை மாட்டியவன் யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நான் நாற்பதாம் பக்கத்திலேயே கேட்டுவிட்டேன். மகளைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தபோது அவள் நின்றபடியே படித்துவிட்டுக் கேட்டாள்.

“எப்பா, மூணுக்கும் முடிவு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த எழுதலியே?”

“அத எழுத எனக்குத் தகுதி இல்லம்மா.”

“ஏன், கடைசிப் பக்கத்துக்கு முந்தியே ஒறங்கிட்டியளோ?”

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. காரணத்தை இங்கே எழுதுகிறேன். இதையும் அவர்கள் வட்டத்தில் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருந்தது. அப்பா ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். அவருடைய அக்காவும் எங்களோடு இருந்தாள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் கற்றுக்கொடுத்தாள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, சீருடை தைத்து மிஞ்சிய பச்சைத் துணியை முதுகில் ஒட்டிப் புத்தகமாக்கிவிடுவாள். அப்படி ஒன்பது புத்தகங்கள் அவள் அலமாரியில் இருந்தன. வேதாகமத்தையும் பாடப்புத்தகத்தையும் தவிர மற்றதெல்லாம் வீண் என்பது அப்பாவின் கொள்கை. ஆனால் அக்காவிடம் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஆகவே அந்த ஒன்பதையும் தையல் வேலைக் கணக்கில் சேர்த்துவிட்டுச் சும்மா இருந்தார்.

எனக்குப் பதினொரு வயதானபோது அத்தையின் கண்களில் அழுத்தம் ஏறியது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஊசியின் காது தெரியாமல் போயிற்று, பிறகு எழுத்துகள். மதுரையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பார்வை நிற்கும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் இருந்தது. ஒன்பதில் தடிமனான புத்தகத்தை எடுத்து அத்தை என் மடியில் வைத்தாள். பள்ளிவிட்டு வந்ததும் தினம் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும். குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பவன் நான், அதனால் வேலை எனக்கு வந்தது.

“பைய வாசிய்யா. தந்தி வந்த மாரி வாசிக்காத” என்பாள். சில வரிகளில் கையைத் தூக்குவாள். “இரு, அத இன்னொரு தடவ வாசி.” வேடிக்கையான இடம் வருமுன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். அத்தைக்குக் கூர்மையான புத்தி என்று நினைத்துக்கொள்வேன்.

கதையில் ஒரு கப்பல் மாலுமிமேல் திருட்டுப் பழி. அரசன் அவனுக்குக் கொலைத் தண்டனை விதித்துவிடுகிறான். அவன் குற்றமற்றவன் என்பதற்கு அத்தாட்சியான ஓலையோடு அவன் தங்கை குதிரையில் விரைந்து வருகிறாள். கொலைக்களத்தில் முரசு அடிக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தில் ஒரு நாள் நிறுத்தினோம். மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி. அதற்கு அடுத்த நாள் காலை அத்தை மதுரைக்கு ரயில் ஏறவேண்டும்.

அந்த மறுநாள் பள்ளிக்கு மழை விடுமுறை. மத்தியானம் மழை விட்டது. கடைசி அத்தியாயத்தை எடுத்து ஒரு பத்தி வாசித்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தெருக் கூட்டாளி வந்து நின்றான்.

“ஏலே, ஆத்துல வெள்ளம் குறுக்குத்துறைக் கோயில மூடிட்டுதாம்! வண்ணார்பேட்டைப் பாலத்துல ஊரே நிக்கி. வாரியா, இல்ல பொம்பளப் பிள்ள மாரி கத படிச்சிக்கிட்டு இருக்கப் போறியா?”

“பத்து நிமிசம்லே” என்றேன்.

“பத்து நிமிசத்துல தண்ணி எறங்கிரும். நான் போயிருவேன்.”

பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். இன்னும் எட்டு இருந்தன. அத்தைக்கு வாசிக்கும் வேகத்தில் அரை மணி நேரம் ஆகும். நான் கண்ணைப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டு, ஜெபத்தில் வாசிக்கும் அதே குரலில், இல்லாத ஒரு வரியை வாசித்தேன்: “தங்கை வந்து சேருவதற்குள் மாலுமியின் தலை மண்ணில் உருண்டது. முற்றும்.”

அத்தை முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு, அத்தை.”

“அவ வரலியா?”

“வரல.”

புத்தகத்துக்காகக் கையை நீட்டினாள். கொடுத்தேன். கட்டைவிரலால் தாள்களின் ஓரத்தை வருடிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“நல்லாப் பாருய்யா. ஒட்டிக்கிட்டு ஏதும் பக்கம் இருக்கா?”

“இல்ல, அத்தை.”

“சரி, போ. அவன் காத்துக்கிட்டு நிக்கான். பாலத்துச் செவுத்துமேல ஏறிராத.”

ஓடினேன். பாலத்தில் ஊரே நின்றது உண்மைதான். ஆறு காவி நிறத்தில் கரையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேரோடு ஒரு மருதமரம் வந்தது. ஒரு வைக்கோல்போர், அதன்மேல் இரண்டு கோழிகள். எல்லோரும் கோழிகளைப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் அப்பாவும் அத்தையும் ரயிலேறிய பிறகு அந்த எட்டுப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். தங்கை நேரத்துக்கு வந்துவிடுகிறாள். மாலுமி பிழைத்துக்கொள்கிறான். கடைசிப் பக்கத்தில் கத்தரிக்கோல் கோணலாகப் போய் அச்சில் ஒரு வரியைத் தின்றிருந்தது. அந்த இடத்தில் அத்தை தன் குண்டுக் கையெழுத்தில் பென்சிலால் அந்த வரியை எழுதி நிரப்பியிருந்தாள்: “தங்கை அவன் கட்டுகளை அவிழ்த்தாள்.” அதையும் படித்தேன். பார்வை வந்ததும் அத்தை தானே படித்துக்கொள்வாள், அப்போது நன்றாகத் திட்டு விழும் என்று பயந்தபடி புத்தகத்தை மூடிவைத்தேன்.

திட்டு விழவில்லை. மூன்று வாரம் கழித்துக் கட்டோடு வந்தாள். கட்டு அவிழ்த்தபோது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

அப்பா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. “அத்தைக்கு ஏதாவது ஒரு கத வாசிச்சுக் காட்டுலே.” இன்னொரு பச்சை முதுகுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

“வேண்டாம்யா” என்றாள் அத்தை. “எனக்கு இப்ப கதையில மனசில்ல. நீ வெளையாடப் போ.”

அதற்குப் பிறகு அத்தை முப்பத்தோரு வருடம் இருந்தாள். வானொலி கேட்டாள். தொட்டுப் பார்த்தே வீட்டில் எல்லோர் சட்டைக்கும் பொத்தான் தைத்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பாமாலை பாடினாள். நான் தமிழ் படித்துக் கல்லூரி ஆசிரியன் ஆனேன். முப்பத்தைந்து வருடம் வகுப்புகளில் உரக்க வாசித்தேன். என் குரலுக்காகவே பிள்ளைகள் மற்ற வகுப்பிலிருந்து வந்து உட்காருவார்கள் என்று பெயர் வாங்கினேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தை அதே அறையில், அதே அலமாரிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம்கூட அவளுக்கு நான் வாசித்ததில்லை. அவளுக்குத்தான் கதையில் மனசில்லையே.

ஒரு பொய் சொன்னேன், அது என்னோடு போகும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஏமாந்தபடியே போய்விட்டாளே என்பதுதான் என் வருத்தமாக இருந்தது.

போன வாரம், கொற்கை நாவலில் வெள்ளத்தை ஆசிரியர் எழுதியிருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துத் தொடர்கதையில் ஆற்றையும் கடலையும் எப்படி எழுதியிருந்தார்கள் என்று ஒப்பிட அத்தையின் அந்தத் தடிமனான புத்தகத்தை எடுத்தேன். தாள் பழுத்திருந்தது. தையல் ஓர் இழை விட்டிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பென்சில் வரி அப்படியே இருந்தது. பூட்டை மாட்டியவன் யார் என்று கேட்கத் தெரியாத இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவன் நான். இந்தப் புத்தகத்தைத் தைத்தவள் யார்?

வாராவாரம் படித்து, கத்தரித்து, அடுக்கி, விட்டுப்போன வரியை எழுதி நிரப்பியவள் அவள். மாலுமி பிழைப்பான் என்பது என் மடியில் புத்தகத்தை வைத்த நாளிலேயே அவளுக்குத் தெரியும். சிரிப்பு எனக்கு முன்னால் போய் நின்றதும் அதனால்தான். கண் போவதற்குள் பிடித்த கதையை இன்னொரு முறை முழுசாகக் கேட்டுவைத்துக்கொள்ள நினைத்திருக்கிறாள். நான் மாலுமியின் தலையை வெட்டியபோது, கட்டைவிரலை அந்த எட்டுப் பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டு, ஒட்டிக்கிட்டு ஏதும் பக்கம் இருக்கா என்று எனக்கு வழிவிட்டுப் பார்த்திருக்கிறாள்.

நான் இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை.

மதுரையிலிருந்து வந்தபின் அவள் வேண்டாம் என்று சொன்ன அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். அத்தைக்கு இப்போது கதை பிடிக்கவில்லையாம் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. புத்தகத்தை அலமாரியில் செருகிவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். அன்றைக்கு நான் இரண்டு கோல் போட்டேன்.